நில்லாப் பொறியும் மாறும் நிரலும்

கணினிக்கு இடப்படும் கட்டளைத் தொகுதியை நிரல் என்கின்றோம். நிரலிற் பிழை காணப்படின், அல்லது புதியதொரு பயனைச் சேர்க்க வேண்டின், அதனை நிறுத்தித் திருத்தி மீண்டும் ஓடவிடுதலே பொதுவழக்கு. மாணவர் பயிற்சிக்கூடத்தில் நாடோறும் செய்வதும் இதுவே. கடையிற் கணக்கெழுதும் கணினியாயின், இரவிற் கடை சாத்திய பின்னர் இவ்வேலையைச் செய்து முடிக்கலாம், எவர்க்கும் இடரில்லை. ஆயின் கடை சாத்தும் வேளையே இல்லாத பொறிகளும் சில உள. தொலைபேசி இணைப்பு நிலையம் அவற்றுள் ஒன்று. நள்ளிரவிலும் ஒருவர் மருத்துவரை அழைத்துக்கொண்டிருப்பார். வேறொருவர் கடல் கடந்த மகனோடு பேசிக்கொண்டிருப்பார். நிரலைத் திருத்த வேண்டும் என்பதற்காக அவர்கள் பேச்சை அறுத்தல் முறையாகாது.

இயங்கிக்கொண்டிருக்கும் நிரலை, அதன் இயக்கம் அறாதவாறு, புதிய நிரலால் மாற்றீடு செய்யும் முறை எவ்வாறு தோன்றிற்று, சார்பு மொழிகள் எனப்படும் ஒரு குடும்பத்தில் அது முதிர்ச்சி பெற்றமைக்குக் காரணம் யாது, அதன் எல்லை எது என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். என் கருத்தை முன்னரே கூறிவிடுகின்றேன். கட்டளைகளை மாற்றுதல் எளிது. அக்கட்டளைகள் அதுகாறும் நினைவகத்திலே திரட்டி வைத்த செய்திகளைப் புதிய கட்டளைகளுக்கு ஏற்பக் கைமாற்றுதலே அரிது. இத்துறையின் வரலாறு பெரிதும் இவ்வருமையை மெல்ல மெல்ல உணர்ந்துகொண்ட வரலாறாகும்.

முதலிற் சார்பு மொழி என்பது யாது எனச் சிறிது கூறுதல் வேண்டும். கணித வகுப்பிற் சார்பு என்று நாம் பயில்வதை நினைவு கூர்க. உள்ளிடும் பெறுமானம் ஒன்றாயின், எத்தனை முறை கணித்தாலும், வெளிவரும் பெறுமானமும் ஒன்றேயாம். பெரும்பாலான நிரலாக்க மொழிகள் இவ்வொழுக்கத்தைப் பேணுவதில்லை. அவற்றில் ஒரு கட்டளை, நினைவகத்தில் எங்கோ கிடக்கும் ஓர் எண்ணை அழித்து வேறோர் எண்ணை எழுதும். பிறிதொரு கட்டளை அதனை அறியாது பயன்படுத்தும். சார்பு மொழிகள் அவ்வாறு அழித்தெழுதுதலை விலக்குவன, அல்லது இயன்றவரை குறைப்பன. ஒரு பெயருக்குப் பெறுமானம் ஒருமுறை தரப்பட்டால் அது மாறாது. வேறு பெறுமானம் வேண்டின், அதனைச் சார்பின் உள்ளீடாகக் கையளித்தல் வேண்டும். இக்கட்டுப்பாடு முதற்பார்வையில் வீண்சுமை போலத் தோன்றும். அதன் பயன் பின்னர் விளங்கும்.

இம்முறையின் முதற்சுவடு லிஸ்ப் என்னும் மொழியிற் காணப்படுகின்றது. அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திலே ஜோன் மக்கார்தி என்னும் அறிஞர் 1958ஆம் ஆண்டில் இம்மொழியை வகுக்கத் தொடங்கினார். அதன் கோட்பாட்டை விளக்கும் கட்டுரை 1960இல் வெளிவந்தது. மக்கார்தி தாளிற் கணிதமாக எழுதியிருந்த ‘மதிப்பிடு’ என்னும் சார்பை, அவருடன் பணியாற்றிய ஸ்டீவ் ரசல் ஐ.பி.எம். 704 என்னும் பொறிக்குரிய கட்டளைகளாகப் பெயர்த்தெழுதினார். தாளில் இருந்த கணிதம் ஓடும் நிரலாயிற்று.

லிஸ்ப் மொழியில் நிரலும் ஒரு பட்டியல். நிரல் கையாளும் தரவும் ஒரு பட்டியல். ஒவ்வொரு சார்பும் ஒரு பெயரோடு பிணைக்கப்பட்டுள்ளது. சார்பை அழைக்கும்போதெல்லாம் பொறி அப்பெயரை நாடி, அவ்வேளையில் அதனோடு பிணைந்துள்ள கட்டளைகள் யாவை எனப் பார்க்கின்றது. ஆகலின், பெயரோடு புதிய கட்டளைகளைப் பிணைத்துவிட்டால், அடுத்த அழைப்பு தானாகவே புதியதை நாடிச் செல்லும். நிரலை நிறுத்த வேண்டிய தேவை எழுவதில்லை. லிஸ்ப் வல்லுநர் தம் முன்னே ஓடும் நிரலோடு உரையாடுவார் போல, ஒரு சார்பைத் திருத்துவதும் விளைவைப் பார்ப்பதும் மீண்டும் திருத்துவதுமாகப் பணியாற்றினர்.

இப்பழக்கம் ஒருமுறை விண்வெளியிலும் பயன்பட்டது. 1998ஆம் ஆண்டு ஒக்ரோபர் 24இல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் ‘டீப் ஸ்பேஸ் 1’ என்னும் கலத்தை ஏவிற்று. மனிதர் கட்டளையின்றித் தானே திட்டமிட்டுக் கலத்தைச் செலுத்தும் லிஸ்ப் நிரலொன்று 1999 மே மாதத்தில் அதிற் சோதிக்கப்பட்டது. சோதனையின் நடுவே நிரல் அசைவற்று நின்றது. அதன் ஒரு பகுதி அனுப்பிய குறிப்பை மற்றொரு பகுதி தவறவிட்டு, இனி வாராத குறிப்புக்காகக் காத்திருந்ததே காரணம். கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்த அந்நிரலின் உள்நிலையைப் பூமியிலிருந்தே வினவி, பிழை எங்குள்ளது என அறிய லிஸ்ப் மொழியின் உரையாடும் இயல்பு பெரிதும் உதவிற்று.

ஆயினும் லிஸ்ப் காட்டிய வழி ஆராய்வோர்க்கும் ஆக்குவோர்க்கும் உரியது. திறமையுள்ள ஒருவர் அருகிலிருந்து, எதை மாற்றுகின்றோம் என்பதை அறிந்து மாற்றுகின்றார். பல்லாயிரவர் ஒரே வேளையிற் பயன்படுத்தும் ஒரு பொதுச் சேவையில், மாற்றுபவரை அறியாத மக்களின் அலுவல் நடந்துகொண்டிருக்கும்போது மாற்றுவதற்கு அது போதியதன்று. அதற்குரிய வழி தொலைபேசித் துறையிலிருந்து வந்தது.

தானியங்கித் தொலைபேசி இணைப்பு நிலையத்துக்கு அமெரிக்கரான அல்மன் ஸ்ட்ரோஜர் 1891இற் காப்புரிமை பெற்றார். அவர் பிரேத அடக்கத் தொழில் நடத்தியவர் என்பது வியப்பான செய்தி. தமக்கு வரவேண்டிய அழைப்புகளை நிலையத்துப் பணியாளர் வேறொருவருக்குத் திருப்பிவிடுகின்றனர் என்ற ஐயமே அவரை இக்கண்டுபிடிப்புக்குத் தூண்டிற்று என்பர். அவர் வழிவந்த நிலையங்கள் காந்தத்தாலும் நெம்புகளாலும் இயங்குவன. ஓர் உறுப்புப் பழுதாயின் அதனை மட்டுங் கழற்றித் துடைத்து மாட்டலாம். ஏனைய உறுப்புகள் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

1965ஆம் ஆண்டில் நிலைமை மாறிற்று. நியூ ஜேர்சி மாநிலத்துச் சக்கசன்னா என்னும் ஊரிலே, நினைவகத்திற் சேமித்த நிரலால் இயங்கும் பெரிய இணைப்பு நிலையம் பொதுமக்கள் சேவைக்கு வந்தது. உறுப்புகள் தோறும் பரவியிருந்த அறிவு இப்போது ஒரே நிரலில் வந்து திரண்டது. ஒரு நெம்பைக் கழற்றுவது போல நிரலின் ஒரு பகுதியைக் கழற்றல் எளிதன்று. அதே வேளையில், 40 ஆண்டுகளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிலையம் செயலிழத்தல் ஆகாது என்பது வடிவமைப்பாளர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட இலக்கு. நாற்பதாண்டுக் காலத்தில் நிரலை எத்தனை முறை திருத்த நேரும் என எண்ணிப் பார்க்க. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஐந்து நிமிடம் நிறுத்தினாலும், இருபத்துநான்கு திருத்தங்களில் இரண்டு மணி நேரமும் செலவாகிவிடும்.

சுவீடனின் எரிக்சன் நிறுவனம் ஆக்கிய ஏ.எக்ஸ்.ஈ. என்னும் இணைப்பு நிலையம் 1976இல் சோடர்டேலியா என்னும் ஊரில் முதன்முதலாக இயங்கத் தொடங்கிற்று. அதன் நிரல், தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு கூறின் தரவை மற்றொரு கூறு நேரே தீண்ட இயலாது. ஒன்றுக்கொன்று குறிப்புகளை அனுப்பியே பேசிக்கொள்ள வேண்டும். இப்பிரிவினை பின்வந்தோர்க்கு நல்ல பாடமாயிற்று.

எரிக்சன் நிறுவனத்தின் கணினி அறிவியல் ஆய்வுகூடத்தில், தொலைபேசிப் பணிக்கு ஏற்ற மொழி எது என 1980களின் முற்பகுதியில் இருபதுக்கு மேற்பட்ட மொழிகளைச் சோதித்தனர். எதுவும் முற்றிலும் பொருந்தவில்லை. 1986ஆம் ஆண்டளவில் ஜோ ஆம்ஸ்ட்ரோங் என்னும் ஆங்கிலேயர், புரோலொக் என்னும் தருக்க மொழியின் மேற் புதியதொரு மொழியைக் கட்டத் தொடங்கினார். ரொபேட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகிய இருவரும் அவருடன் இணைந்தனர். அம்மொழிக்கு எர்லாங் எனப் பெயரிட்டனர். தொலைபேசி நெருக்கடியைக் கணிதத்தால் அளந்த டென்மார்க் நாட்டறிஞர் அக்னர் குறாறூப் எர்லாங் (1878–1929) நினைவாக அப்பெயர் அமைந்தது. எரிக்சன் நிறுவனத்தின் மொழி என்பதன் சுருக்கமாகவும் அதனைக் கொள்ளலாம் என்பது அவர்களுக்கு வசதியாயிருந்திருக்கும்.

எர்லாங் மொழியின் அமைப்பைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். இக்கட்டுரையின் கரு அதிலேதான் உள்ளது.

எர்லாங் நிரலொன்று இலட்சக்கணக்கான சிறு செயன்முறைகளாக இயங்க வல்லது. தொலைபேசி அழைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு செயன்முறை எனக் கொள்வோம். ஒரு செயன்முறையின் நினைவை மற்றொன்று தீண்டாது. செய்தி அனுப்பியே பேசும். ஒவ்வொரு செயன்முறையும் ஒரு சார்பாகும். அச்சார்பு செய்தியொன்று வரும்வரை காத்திருக்கும்; வந்ததும் அதற்குரிய வேலையைச் செய்யும்; பின்னர் தன் நிலையைக் குறிக்கும் புதிய பெறுமானத்தை உள்ளீடாகக் கொடுத்துத் தன்னையே மீள அழைக்கும். அழித்தெழுதுதல் இல்லையாகலின், அச்செயன்முறை அறிந்திருப்பவை அனைத்தும் அவ்வுள்ளீட்டில் அடங்கிவிடுகின்றன. மேலே வீண்சுமை போலத் தோன்றும் என்றேனே, அக்கட்டுப்பாட்டின் பயன் இதுவே. தன்னை மீள அழைக்கும் அக்கணம், பழைய நிரல் தன் வேலையை முடித்துப் புதியது தொடங்குவதற்கு இயல்பாகவே அமைந்த ஒரு சந்தி. அச்சந்தியிலே கையளிக்க வேண்டிய பொருளும் ஒரே பொதியாகக் கட்டப்பட்டு ஆயத்தமாயிருக்கின்றது.

நம் முன்னோர் கையாண்ட ஏட்டுச் சுவடியை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். செல்லரித்த ஓர் ஏட்டைக் கயிற்றிலிருந்து உருவி, அதே எண்ணிட்ட புதிய ஏட்டைக் கோத்தல் கூடும்; ஏனைய ஏடுகளைத் தொட வேண்டியதில்லை. ஆயின் அவ்வேட்டை ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போது உருவினால் என்னாகும்? பாதி வரி பழைய பாடமாகவும் மீதி புதிய பாடமாகவும் படிக்க நேரும். எர்லாங் இதற்குக் கண்ட வழி, பழைய ஏட்டையும் புதிய ஏட்டையும் சிறிது காலம் சேர்த்தே சுவடியில் வைத்திருப்பதாகும். ஒரு கூறுக்கு ஒரே வேளையில் இரு பதிப்புகள் நினைவகத்தில் இருக்கலாம்: நடப்புப் பதிப்பு ஒன்று, பழைய பதிப்பு ஒன்று. ஏற்கெனவே பழையதிற் கால்வைத்த செயன்முறை அதிலேயே தொடரும். புதிதாகத் தொடங்குவது புதியதில் நடக்கும்.

பழையதில் நிற்பவர் புதியதற்கு எப்போது கடப்பார்? இங்கே ஆக்கியோர் நுட்பமான ஒரு விதியை வகுத்தனர். சார்பை அதன் பெயரால் மட்டும் அழைத்தால், அழைப்பு அதே பதிப்புக்குள்ளேயே நிற்கும். கூறின் பெயரையும் முன்னிட்டு முழுப்பெயரால் அழைத்தால், அழைப்பு நடப்புப் பதிப்புக்குச் செல்லும். ஆகவே எவ்விடத்திற் கடப்பது பாதுகாப்பானது என்பதை நிரல் எழுதுவோர் தாமே தீர்மானித்து, அவ்விடத்தில் முழுப்பெயரை எழுதுவர். பொறி தன் விருப்பப்படி நடுவழியில் இழுத்துச் செல்வதில்லை. இதனை நான் எர்லாங் மொழியின் தலைசிறந்த நுட்பம் எனக் கருதுகின்றேன். ஒரு சிறு எழுத்து வேறுபாட்டில் இத்துணைப் பொறுப்பை வைத்தமை வியப்பிற்குரியது. பயில்வோர் இவ்வேறுபாட்டைக் காணாது இடறுவதும் உண்டு.

மூன்றாவது பதிப்பை ஏற்ற வேண்டின் விதி கடுமையாகின்றது. இரண்டுக்கு மேல் இடமில்லையாகலின், மிகப் பழையதை முதலில் அகற்றுதல் வேண்டும். அதில் இன்னும் தங்கியிருக்கும் செயன்முறைகள் முடிக்கப்படும். அவ்வாறு முடிக்காது, எவரேனும் தங்கியிருப்பின் அகற்றலைக் கைவிடும் மென்மையான கட்டளையும் உண்டு. எதைப் பயன்படுத்துவது என்பது நிலையத்தை நடத்துவோர் பொறுப்பு.

இதுவரை கூறியது கட்டளைகளின் மாற்றம். இனி அரிய பகுதிக்கு வருவோம். ஓர் உதாரணம் கொள்க. ஒரு செயன்முறை ஒரு சந்தாதாரரின் கணக்கைப் பேணுகின்றது. அதன் பழைய பதிப்பு இரண்டு செய்திகளையே நினைவில் வைத்திருந்தது: சந்தாதாரர் எண், இதுவரை எடுத்த அழைப்புகளின் தொகை. புதிய பதிப்பு, அழைப்புகள் நீடித்த மொத்த நேரத்தையும் மூன்றாவதாக எதிர்பார்க்கின்றது. இரண்டு உறுப்புள்ள பழைய பொதியைப் புதிய சார்பிடம் அப்படியே கொடுத்தால் அது திகைத்து வீழும். ஆகலின் பழைய பொதியைப் புதிய வடிவத்துக்கு மாற்றித் தரும் ஒரு சார்பையும் எழுத வேண்டும். எர்லாங் மொழியின் நூலகம் இதற்கென்றே ஓர் இடத்தை ஒதுக்கியுள்ளது. ‘நிரல் மாற்றம்’ எனப் பொருள்படும் பெயருடைய அச்சார்பைப் பொறி தானே உரிய வேளையில் அழைக்கும்.

ஆயின் அதன் உள்ளே எதை எழுதுவது? முன்பு எடுத்த அழைப்புகள் எவ்வளவு நேரம் நீடித்தன என்பதை எவரும் குறித்து வைக்கவில்லை. பூச்சியம் என இடலாமா? இட்டால், ஐம்பது அழைப்பு எடுத்தவர் ஒரு நொடியும் பேசவில்லை என்று கணக்குக் கூறும். இப்போது நடந்துகொண்டிருக்கும் அழைப்பின் தொடக்க நேரம் யாது? அதுவும் பழைய பொதியில் இல்லை. இவ்வினாக்களுக்கு விடை மொழியிலும் இல்லை, பொறியிலும் இல்லை. தொலைபேசிக் கட்டணத்தை அறிந்த மனிதர் ஒருவரே தீர்மானித்தல் வேண்டும். பின்னோக்கித் திரும்ப வேண்டிய தேவை நேர்ந்தால் இடர் இரட்டிக்கும். புதிய பதிப்புப் பிழையுடையதெனக் கண்டு பழையதற்கு மீள விரும்பினால், மூன்று உறுப்புள்ள பொதியை இரண்டாக்கித் தரும் வழியையும் முன்னரே எழுதி வைத்திருத்தல் வேண்டும்.

இவ்வருமை எர்லாங் ஒன்றுக்கே உரியதன்று என்பதை இந்திய அறிஞர் மூவர் கணித முறையிலே நிறுவினர். இயங்கும்போதே கூறுகளை மாற்றுதல் பற்றி றொபேட் ஃபாப்ரி 1976இலேயே எழுதியிருந்தார். ஆனால் அவ்வாறு செய்யும் மாற்றம் சரியானதா என்பதற்கு இலக்கணம் வகுக்கப்பட்டிருக்கவில்லை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்ப நிறுவகத்தில் நடந்த ஆய்வின் பயனாகத் தீபக் குப்தா, பங்கஜ் ஜலோதே, கௌதம் பருவா ஆகியோர் 1996 பெப்ரவரியில் வெளியிட்ட கட்டுரை அவ்விலக்கணத்தைத் தந்தது. மாற்றியபின் ஓடும் நிரல், புதிய பதிப்பைத் தொடக்கத்திலிருந்தே ஓட்டியிருந்தால் அடையக்கூடிய ஒரு நிலையை முடிவான காலத்துக்குள் அடையுமாயின், அம்மாற்றம் செல்லுபடியாகும் என்பது அவர்கள் வரைவிலக்கணம். இவ்வரைவிலக்கணத்தை ஏற்றபின், எந்த நிரலுக்கும் எந்த மாற்றத்துக்கும் அது செல்லுபடியாகுமா எனத் தீர்ப்பளிக்கும் பொதுவான கணிப்பு முறை இருத்தல் இயலாது என அவர்கள் காட்டினர். ஒரு நிரல் என்றேனும் நிற்குமா எனத் தீர்மானிக்கும் பொதுமுறை இல்லையென அலன் ரியூறிங் 1936இற் கண்ட முடிவின் இனத்தைச் சேர்ந்தது இது. பொதுத் தீர்ப்பு இயலாதாகலின், இன்னின்ன நிபந்தனைகள் நிறைவேறினால் மாற்றம் பழுதின்றி அமையும் எனச் சில போதிய நிபந்தனைகளை அவர்கள் வகுத்தனர். மாற்றப்படும் பகுதி அவ்வேளையில் நடுவழியில் இயங்கிக்கொண்டிருத்தலாகாது என்பது அவ்வகையினது. எர்லாங் செயன்முறை செய்தியை எதிர்நோக்கி நிற்கும் கணத்தை இந்நிபந்தனையோடு ஒப்பு நோக்கின், சுவீடனில் தொழிலநுபவத்தால் அறிந்ததும் கான்பூரிற் கணிதத்தால் அறிந்ததும் ஒன்றையொன்று தழுவி நிற்பதைக் காணலாம்.

எர்லாங் மொழியின் தொழில் வரலாறு நேரானதன்று. 1995இன் இறுதியில் எரிக்சன் நிறுவனத்தின் பெருந்திட்டமொன்று கைவிடப்பட்டபோது, எர்லாங் மொழிக்குத் திடீரென வாய்ப்புக் கிட்டிற்று. ஏ.எக்ஸ்.டி. 301 என்னும் தரவு இணைப்புப் பொறி அம்மொழியிற் கட்டப்பட்டு, 1998இல் அறிமுகமாயிற்று. அதன் நிரல் பத்து இலட்சம் வரிகளைத் தாண்டிற்று. அவ்வாண்டிலேயே, எரிக்சன் வானொலித் தொடர்புப் பிரிவு புதிய ஆக்கங்களில் எர்லாங் மொழியைப் பயன்படுத்துதலைத் தடை செய்தமை விந்தை. பலரும் அறிந்த மொழிகளையே பயன்படுத்த வேண்டும் என்பது மேலாளர் எண்ணம். தடையின் பின் 1998 டிசெம்பரில் அம்மொழி எவரும் இலவசமாகப் பயன்படுத்தத்தக்கதாய் வெளியிடப்பட்டது. ஆக்கியோர் பலர் நிறுவனத்தை விட்டு நீங்கினர். தடை இல்லாதிருந்தால் அம்மொழி ஒரு நிறுவனத்தின் சுவருக்குள்ளேயே முடிந்திருக்கவும் கூடும்.

ஏ.எக்ஸ்.டி. 301 பற்றிப் பலரும் எடுத்தோதும் எண் ஒன்றுண்டு: நூற்றுக்கு 99.9999999 பங்கு நேரம் அது செயற்பட்டது என்பது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்கே தடைப்பட்டது என்பது இதன் பொருள். ஆம்ஸ்ட்ரோங் 2003இல் ஸ்ரொக்கோமில் அளித்த கலாநிதிப் பட்ட ஆய்வேட்டிலும் இவ்வெண் இடம்பெற்றது. பிரித்தானியத் தொலைபேசி வலையமைப்பிற் சில பொறிகளைக் கொண்டு பெறப்பட்ட அளவை உலகப் பொதுமையாக்கிப் பேசுதல் தகாது என்பது என் எண்ணம். பொறி மிக நம்பகமானது என்பதில் ஐயமில்லை. ஒன்பது இலக்கங்களையும் அப்படியே கொள்ள வேண்டியதில்லை.

இலங்கையரும் இவ்வினாவை ஒருமுறை எதிர்கொண்டனர். அவர்கள் கையாண்டது சார்பு மொழியன்று, ஜாவா. ஆயினும் அவர்கள் கண்ட விடை நம் பொருளுக்கு நெருங்கியது. 2004 முதல் கொழும்பிலுள்ள லங்கா மென்பொருள் அறக்கட்டளையின் இளம் பொறியியலாளர் பெரும்பங்கேற்க, அப்பாச்சி அமைப்பின் கீழ் ‘அக்சிஸ் 2’ என்னும் இணையச் சேவைப் பொறி உருவாயிற்று. அதன் முதற் பதிப்பு 2006இல் வெளிவந்தது. சேவைகளை நடத்தும் அப்பொறியை நிறுத்தாமலே புதிய சேவையொன்றைச் சேர்க்கலாம். ஓடும் சேவையொன்றை அதன் புதிய பதிப்பால் மாற்றவும் வழியுண்டு. இவ்விரண்டையும் அவர்கள் வேறு வேறு விசைகளாக வைத்தனர். பொறியோடு வரும் அமைப்புக் கோப்பில் முதல் விசை திறந்தும் இரண்டாவது மூடியும் இருந்தன. மக்கள் பயன்படுத்தும் சேவையில் இரண்டாவதைத் திறத்தல் தகாது என்பது அவர்கள் அறிவுரை. புதிதாகச் சேர்ப்பதற்குப் பழைய நினைவு எதுவும் தேவையில்லை, மாற்றுவதற்குத் தேவை. இளைஞர் சிலர் இரு விசைகளைப் பிரித்து வைத்த அச்சிறு செயலில் அரிய விவேகம் உள்ளது.

ஹாஸ்கல் முதலிய கண்டிப்பான வகைமையுடைய சார்பு மொழிகளில் இம்மாற்றம் மேலும் கடினமானது. பெறுமானம் ஒவ்வொன்றும் எவ்வகையினது என்பதை ஓடத் தொடங்குமுன்னரே தொகுப்பான் சரிபார்த்துவிடுகின்றது. ஓட்டத்தின் நடுவே வகை மாறினால் அச்சரிபார்ப்புப் பயனற்றுப் போகும். எனினும் ஒரு வெற்றி பேசத்தக்கது. பேஸ்புக் நிறுவனத்திலே வேண்டாச் செய்திகளைத் தடுக்கும் ‘சிக்மா’ என்னும் அமைப்பை ஹாஸ்கல் மொழிக்கு மாற்றிய வரலாற்றை சைமன் மார்லோ 2015இல் எழுதினார். தடுப்பு விதிகள் நாளில் பன்முறை மாறுவன. தீயோர் புதிய வழி கண்டதும் காத்திருக்காது விதியை மாற்றுதல் வேண்டும். எனவே தொகுக்கப்பட்ட புதிய விதிகள் ஓடும் பொறிக்குள்ளேயே ஏற்றப்பட்டன. ஏற்கெனவே தொடங்கிய வினாக்கள் பழைய விதியின்படி முடிய, புதியவை புதிய விதியை நாடின. இது கைகூடியதற்குக் காரணம், அவ்விதிகள் தமக்கென நெடுநாள் நினைவு எதனையும் வைத்திராமையே. கையளிக்க வேண்டிய பொதி இல்லை. ஆகவே கைமாற்றும் இடரும் இல்லை.

எர்லாங் மொழி இன்று நம் வீடுகளுக்குள்ளும் புகுந்துள்ளது. 2009இல் தொடங்கிய வட்ஸ்அப் சேவையின் நடுநிலையப் பொறிகள் அம்மொழியில் எழுதப்பட்டன. 2012இல் ஒரே பொறியில் இருபது இலட்சம் இணைப்புகளைத் தாங்கியதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2014இல் பேஸ்புக் அதனை 1900 கோடி டொலருக்கு வாங்க உடன்பட்டபோது, 45 கோடி மக்களுக்குச் சேவை செய்தவர் முப்பத்திரண்டு பொறியியலாளரே. போர் ஆண்டுகளிலே தொலைபேசித் தொடர்பு அறுந்து, கடிதத்துக்காக மாதக்கணக்கிற் காத்திருந்த குடாநாட்டுப் பெற்றோர், இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் உள்ள பிள்ளைகளோடு நாடோறும் முகம் பார்த்துப் பேசுகின்றனர். அப்பேச்சின் அடியில் இயங்கும் நிரல், அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மாற்றப்பட்டிருக்கலாம். இணைப்பை அறுக்காது ஓடும் பொறியிலே திருத்தங்களை ஏற்றும் வழக்கத்தை அந்நிறுவனத்துப் பொறியியலாளர் பொதுமேடைகளில் விளக்கியுள்ளனர்.

இத்துணைச் சிறப்பிருந்தும், இம்முறை பரவலாகக் கைக்கொள்ளப்படவில்லை என்பதையும் கூறவேண்டும். பொறிகள் மலிந்த பின்னர் வேறொரு வழி வழக்கிற்கு வந்தது. ஒரே சேவையைப் பத்துப் பொறிகள் நடத்தினால், ஒன்றை நிறுத்தித் திருத்தி ஓடவிட்டு, பின் அடுத்ததை நிறுத்தலாம். எவ்வேளையிலும் ஒன்பது இயங்கிக்கொண்டிருக்கும். நினைவில் நிலைக்க வேண்டியவற்றைத் தனியே ஒரு தரவுத்தளத்தில் வைத்துவிட்டால், பொறி தன் நினைவை இழந்தாலும் கேடில்லை. எர்லாங் மொழியின் மேற் கட்டப்பட்ட எலிக்சர் என்னும் மொழி 2019இல் தன் 1.9ஆம் பதிப்பில் வெளியீட்டுக் கருவியைச் சேர்த்தபோது, ஓடும் நிரலை மாற்றும் வசதியை அதனுள் அமைக்கவில்லை. அது சிக்கலானது, பெரும்பாலோர்க்கு வேண்டாதது என்பதே ஆக்கியோர் கூறிய காரணம். நான் இதனை முற்றிலும் ஏற்கின்றேன் அல்லேன். நீண்ட உரையாடலைத் தாங்கும் இணைப்பு நிலையமோ, விண்ணிற் செல்லும் கலமோ, ஒன்பது உடன்பிறப்புகளுடன் பிறப்பதில்லை. ஆயின் பாடசாலைப் பதிவேட்டையோ வங்கிக் கணக்கையோ நடத்தும் நிரலுக்கு, ஒழுங்காக நிறுத்தித் தொடங்கும் வழியே போதும் என்பதை மறுத்தற்கில்லை.

இங்கு விளக்கிய இரு பதிப்பு விதியை மாணவர் தாமே சோதித்தறிதல் எளிது. சாதாரண கணினியொன்றும் இலவசமாகக் கிடைக்கும் எர்லாங் தொகுதியும் போதும். செய்தி வந்ததும் ‘ஒன்று’ என விடை கூறித் தன்னைத் தன் பெயரால் மட்டும் மீள அழைக்கும் செயன்முறையொன்றை எழுதி ஓடவிடுக. பின்னர் அக்கூறில் விடையை ‘இரண்டு’ என மாற்றித் தொகுத்து ஏற்றுக. செயன்முறை இன்னும் ‘ஒன்று’ என்றே கூறும். மீண்டும் ஒருமுறை ஏற்றினால் விடை வாராது. பழைய பதிப்போடு செயன்முறையும் அகற்றப்பட்டிருக்கும். இனி, மீள அழைக்கும் வரியிற் கூறின் பெயரைச் சேர்த்து, முதலிலிருந்து செய்து பார்க்க. ஏற்றிய பின் வரும் முதற்செய்திக்குப் பழைய விடையே கிடைக்கும். இரண்டாவதற்குப் புதியது கிடைக்கும்.